மரநாய்ப் புழுவுக்கு நான் எழுதிய பத்திரம்

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

அச்சரப்பாக்கம்,
ஆவணி 28, சனிக்கிழமை.

பூஞ்சேரியில் இரண்டு சுற்றுலா வேன்களுக்கு உரிமையாளரும், என் மனைவி வச்சலாவின் உடன்பிறந்த அண்ணனும், என் ஒரே மகள் வினிதாவுக்குத் தாய்மாமனுமாகிய உயர்திரு பூவராகவன் மச்சான் அவர்களுக்கு, அச்சரப்பாக்கம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே முப்பத்தெட்டு வருடமாகப் பத்திரம் எழுதிவரும் திருவேங்கடம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் உடம்பளவில் நலமாக இருக்கிறோம். மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுத் தமிழ்ச்செல்வி அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், இரண்டு வேன்களும் ஈ.சி.ஆரில் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்றும், என்மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் தவிர அங்கே மற்ற எல்லாம் சீராக இருக்கும் என்றும் நம்புகிறேன்.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதக் காரணம் உண்டு. ஐந்து முறை கூப்பிட்டேன், ஐந்து முறையும் துண்டித்தீர்கள். ஆறாவது முறை எடுத்து, "குட்த்தத திருப்பிக் கேக்கற பயக்கம் எங்க வூட்ல கெடையாது மாப்ள. உங்க வூட்ல இருந்தா இருந்துட்டுப் போவுது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மச்சான், நீங்கள் செய்த சீரில் ஒரு வாழைப்பழத்தைக்கூட நான் பேசவில்லை. நான் கேட்டது நான் அச்சடித்துக் கொடுத்த புத்தகத்தில் உங்களிடம் இருக்கும் அறுபது பிரதிகளை. அந்த அறுபதும் ஊரில் உலவிக்கொண்டிருக்கும்வரை, உங்கள் மருமகள் ஒன்றரை வருடம் கண் வலிக்க மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கண்டுபிடித்த புழு என் பெயரில் நிற்கும். அவள் என்னோடு பேசிப் பதின்மூன்று நாள் ஆகிறது. ஆகவே இதைக் கிழித்துப் போடாமல் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் விழாவை நடத்தினீர்களே தவிர விஷயத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. என் பத்திரக் கொட்டகையின் ஓட்டுக்கு அடியில் ஒரு மரநாய் குடியிருந்தது உங்களுக்குத் தெரியும். வாடகை ஒப்பந்தம் ஏதும் இல்லாமல் ஆறு வருடம் இருந்தது. பகலெல்லாம் தூங்கும், பார்ட்டிக்கு நான் கிரயப் பத்திரத்தைப் படித்துக் காட்டும் நேரம் பார்த்து மேலேயிருந்து மூத்திரம் பெய்யும். போன வருடம் மாசியில் மின்கம்பியில் கால் வைத்துச் செத்து, முத்திரைத்தாள் வைக்கும் பெட்டிமேல் விழுந்தது. புதைக்கலாம் என்று மண்வெட்டி எடுத்தேன். பொத்தேரியில் ஹாஸ்டலில் தங்கி, மிருகங்களின் குடல்புழுவில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் வினிதாவுக்கு அவள் அம்மா பேச்சுவாக்கில் இதைச் சொல்லித் தொலைக்க, அடுத்த நிமிடம் எனக்குப் போன். "அப்பா, அதத் தொடாத. எங்க சாரு ஃபாரஸ்ட் ஆபீஸ்ல பர்மிஷன் லெட்டரு வாங்கி வெச்சிகினு இருக்காரு. நான் ஐஸ் பெட்டி எடுத்துகினு வரேன்." வந்தாள், கையுறை போட்டாள், அந்த நாற்றத்தைப் பூக்கூடையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனாள். அதன் சிறுகுடலில் பதினொரு புழு இருந்ததாம். அப்புறம் படாளத்துப் பக்கம் சாலையில் அடிபட்ட இரண்டு மரநாய்களிலும் அதே புழு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத புழு என்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றைக்குக்கூட நான் பார்க்கவில்லை.

எங்களுக்கு அதைக் கொண்டாடத் தெரியவில்லை என்பதே உண்மை. வச்சலா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, "சொந்தக்காரங்க கேட்டா டாக்டருக்குப் படிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. எந்த டாக்டரு, எதுக்கு டாக்டருன்னு நீட்டிக்கினு போவாதீங்க" என்றாள். புழுவுக்கு வைக்கப்போகிற பெயரில் நம் ஊர் வரும், பின்பாதி அச்சரப்பாக்கென்சிஸ் என்று இருக்கும் என்று வினிதா சொன்னதும் அவளுக்கு இன்னும் பகீரென்றது. "ஏன்டி, ஊர்ல ஏரி கீது, மலை கீது, கோயிலு கீது. அத்த வுட்டுட்டு மரநா வவுத்துல இருந்ததுக்கா ஊர் பேரு?" அந்த நேரத்தில்தான் நீங்கள் போன் செய்தீர்கள். பெயர் வைக்கப்போகிறாள் என்று வச்சலா வாய்தவறிச் சொல்ல, நீங்கள், "பேரு வெக்கறதுன்னா தாய்மாமன் இல்லாம எப்டிம்மா? அது புள்ளையா இருந்தா இன்னா, புழுவா இருந்தா இன்னா" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையில் எங்கள் வெட்கமெல்லாம் போய்விட்டது மச்சான். அதற்காக உங்களுக்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவன், இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பூஞ்சேரியில் மண்டபம் பிடித்தீர்கள், இருபத்தொரு தட்டு சீர் கொண்டுவந்தீர்கள், தொட்டில் கட்டினீர்கள், தொட்டிலுக்குள் புழுவின் போட்டோவைச் சட்டம் போட்டுப் படுக்கவைத்தீர்கள். வெள்ளி அரைஞாண் வாங்கக் கிளம்பிய உங்களை, "அண்ணே, அதுக்கு இடுப்பே இல்ல" என்று வச்சலாதான் கையைப் பிடித்து நிறுத்தினாள். மண்டப வாசலில் பன்னிரண்டு அடி ஃப்ளெக்ஸ். அதில் புழுவின் வாய், ஆயிரம் மடங்கு பெரிதாக்கியது, ஆறு பல்லோடு. அதற்குக் கீழே கூலிங்கிளாஸ் போட்டு நீங்கள். தேவனேரியிலிருந்து மீன் கொண்டுவந்த முனியம்மா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுல மாப்ள யாரு?" என்று என்னிடம் கேட்டது. நீங்கள் காதில் மூன்று முறை பெயர் சொல்வதற்காகத் தொட்டிலில் குனிந்து, காது எந்தப் பக்கம் என்று கேட்டதும், வினிதாவுக்குக் கற்பிக்கும் பேராசிரியர் ஹரிஹரன் எழுந்து பணிவாக, "இதுக்குக் காது கெடையாதுங்க, சும்மா பொதுவா சொல்லுங்க" என்றதும், நீங்கள் அச்சரப்பாக்கென்சிஸ் என்று இரண்டு முறை சரியாகச் சொல்லி மூன்றாம் முறை இருமிவிட்டதும் எல்லாம் வீடியோவில் இருக்கிறது. அவற்றால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் தாம்பூலப் பையில் போன புத்தகத்தால் வந்தது.

அந்தப் புத்தகம் என் வேலை. வினிதா அப்போது கொல்கத்தா போயிருந்தாள். அடையாளமாக வைத்துக்கொள்ளும் ஒரு மூலப் புழுவை அங்கே அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டுமாம், மூலப் பத்திரத்தை லாக்கரில் வைப்பது மாதிரி. அவள் எழுதி வைத்திருந்த ஆங்கிலக் கட்டுரையின் நகல் மேசைமேல் இருந்தது. அடுத்த மாதம் ஏதோ பத்திரிகைக்கு அனுப்ப வேண்டியது. விழாவுக்கு வருகிற நம் ஜனங்களுக்கு அதைத் தமிழில் கொடுத்தால் பெண்ணின் பெருமை புரியுமே என்று எடுத்துப் படித்தேன். மச்சான், உள்ளதைச் சொல்கிறேன், பத்திரமாகப் பார்த்தால் அதை எந்தப் பதிவாளரும் தள்ளுபடி செய்துவிடுவார். நான்கெல்லை இல்லை. சாட்சி இல்லை. அந்த மரநாய் யாருடைய கட்டடத்தில் இருந்தது, அந்தக் கட்டடம் எந்த சர்வே எண்ணில் வருகிறது, ஒன்றும் இல்லை. என் பெண் இப்படி ஒரு ஓட்டைப் பத்திரத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதா என்று எனக்குத் தாங்கவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்து, பன்னிரண்டு பக்கம் எழுதினேன். அதைவிட நல்லதாக நான் எதையும் எழுதியதில்லை.

நீங்கள் புரட்டியிருக்க மாட்டீர்கள், ஆகவே ஒரு பகுதியைக் கீழே காட்டுகிறேன். "சொத்து விவரம்: மேற்படி மரநாயின் சிறுகுடலில், தொன்றுதொட்டு அனுபவ பாத்தியதையில் இருந்துவரும் உருளைப் புழு ஒன்று. வடக்கே இரைப்பை, தெற்கே பெருங்குடல், கிழக்கே கணையம், மேற்கே விலா எலும்பு, இந்த நான்கெல்லைக்குள் கட்டுப்பட்டது. ஆண் புழு நீளம் ஒன்பது மில்லிமீட்டர், பெண் புழு பதினொன்றரை மில்லிமீட்டர், வாயில் பல் ஆறு, ஆண் புழுவின் வாலில் விசிறி ஒன்று, விசிறியில் உள்ள காம்புகள், அவற்றின் கிளைகள் மற்றும் அதைச் சேர்ந்த சகல உறுப்புகளும் அடங்கும்." அதேபோல என் கொட்டகைக்கும் எல்லை சொல்லி, வால் விசிறியின் படத்தை அவள் வரைந்தபடியே சேர்த்து, புழுவின் பெயரை ஆங்கில எழுத்திலேயே கொட்டையாகப் போட்டு, மூலப் புழு எங்கே எந்த எண்ணில் ஒப்படைக்கப்பட்டது என்று அவளிடமே போனில் பேச்சுவாக்கில் கேட்டு எழுதி, "இது பின்வரும் காலத்தார் அனைவரும் அறியும்பொருட்டு நிரந்தர ஆவணமாக இன்று காலை ஒன்பது மணிக்கு வெளியிடப்படுகிறது" என்று முடித்தேன். இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கினேன். அடியில், கை பழக்கத்தில், எல்லாப் பத்திரத்துக்கும் போடுவதுபோல, "எழுதியவர்: ப. திருவேங்கடம், உரிமம் பெற்ற பத்திர எழுத்தர், அச்சரப்பாக்கம்" என்று போட்டேன். செங்கல்பட்டில் கொடுத்து இருநூறு பிரதி அடித்தேன்.

வினிதா கொல்கத்தாவிலிருந்து விழாவன்று காலைதான் வந்து இறங்கினாள். அவளை ஆச்சரியப்படுத்தலாம் என்று நான் முன்பே சொல்லவில்லை. பந்தி நடக்கும்போது ஒரு தாம்பூலப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். முதல் பக்கத்தில் சிரித்தாள், நான்காம் பக்கத்தில் சிரிப்பு நின்றது, கடைசிப் பக்கத்தில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "அப்பா, இத எத்தினி பேருக்குக் குட்த்த?" என்று கேட்டாள். வந்தவர்கள் எல்லாருக்கும் என்றேன், பெருமையாக. அவள் புத்தகத்தை ஹரிஹரன் சாரிடம் நீட்டினாள். அவர் சாம்பார் கையைக் கழுவிவிட்டு வந்து, நின்றபடியே முழுவதும் படித்தார். "சார், ஒரு பிட் நோட்டீஸா இருந்தா செல்லாதுன்னு தள்ளிடலாம். ஃப்ளெக்ஸா இருந்தா யாரும் மதிக்கப் போறதில்ல. நீங்க எதையுமே விடலையே சார். பேரு இருக்கு, அளவு இருக்கு, படம் இருக்கு, மூலப் புழு எங்க இருக்குன்னு இருக்கு, நிரந்தர ஆவணம்னு வேற போட்டிருக்கீங்க" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, எல்லாம் அனுபவம்தான் சார் என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகுதான் அவர் எனக்குப் புரியவைத்தார். இந்தப் புழு, பூச்சி சமாசாரத்தில், யார் முதலில் பெயரையும் அடையாளத்தையும் சேர்த்து முறையாக அச்சில் வெளியிடுகிறாரோ அவர் பெயர்தான் காலத்துக்கும் அதோடு ஒட்டிக்கொண்டு வருமாம். கண்டெடுத்தவருக்கு அந்த இடம் இல்லை, எழுதி வெளியிட்டவருக்குத்தான். வினிதா தரையைப் பார்த்துக்கொண்டு, "இனிமே நான் எங்க எழுதனாலும் புழு பேருக்குப் பக்கத்துல திருவேங்கடம், ரெண்டாயிரத்து இருவத்தஞ்சுன்னுதான்பா போடணும்" என்றாள். நான் சண்டை பிடித்தேன். எழுதினவனுக்கு எப்படிச் சொந்தமாகும், அது எந்த ஊர்ச் சட்டம் என்று கேட்டேன். மச்சான், முப்பத்தெட்டு வருடத்தில் அச்சரப்பாக்கம் வட்டாரத்தில் பாதி நிலத்துக்கு நான் எழுதியிருக்கிறேன். அடியில் என் பெயர் இல்லாத பத்திரம் குறைவு. அதில் ஒரு சென்ட் எனக்கு வந்ததா? வரவில்லை, வரக் கூடாது, அதுதான் தொழில் தர்மம். என் எழுத்தால் எனக்கென்று சேர்ந்த ஒரே சொத்து மரநாயின் வயிற்றில் இருக்கிறது, அதுவும் என் பெண்ணிடமிருந்து பிடுங்கியது. பிழைத்திருத்தல் பத்திரம் எழுதித் தருகிறேன் என்றேன், ரத்துப் பத்திரம் என்றேன், தான செட்டில்மென்டாக அவள் பெயருக்கே எழுதிவைக்கிறேன் என்றேன். "இதுல அதெல்லாம் கெடையாதுப்பா" என்று சொல்லிவிட்டு, பந்தியில் சாப்பிடாமல், பஸ் ஏறிப் பொத்தேரிக்குப் போனவள்தான். அம்மா போன் செய்தால் சாப்ட்டேன், தூங்கப் போறேன் என்று இரண்டு வார்த்தை. என் குரல் கேட்டால் அதுவும் இல்லை.

நான் அழுததைப் பார்த்துவிட்டு ஹரிஹரன் சார் மனமிரங்கி ஒன்று சொன்னார். புத்தகம் பொதுவில் போகவே இல்லை, குடும்பத்துக்குள் சுற்றியது அவ்வளவுதான் என்று காட்ட முடிந்தால், பேசிப் பார்க்கலாம் என்றார். அதுவும் நிச்சயமில்லை என்றார். எனக்கு அது போதும். மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நம் உறவினர்கள் வீட்டில் இருந்தவை சுலபமாக வந்துவிட்டன, பாதிப் பேர் தாம்பூலப் பையைப் பிரிக்கவே இல்லை, தேங்காய்கூட அப்படியே இருந்தது. கஷ்டம் மற்ற இடங்களில். நூலகத்துக்கு நானே நான்கு பிரதி கொடுத்து ஒப்புகை வாங்கியிருந்தேன். திருப்பிக் கேட்டால், பதிவேட்டில் ஏறிவிட்டது, உறுப்பினராகச் சேர்ந்து எடுத்துப் போங்கள், ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம்தான் என்றார்கள். சேர்ந்தேன். என் புத்தகத்தை நானே இரவல் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன், பதினான்கு நாளுக்கு ஒரு முறை போய்ப் புதுப்பிக்க வேண்டும். முனியம்மா இன்னும் மோசம். கடைக்குப் போய்க் கேட்டால், "தோ பாரு எழுத்தரே, இந்த பொஸ்தகத்தாலதான் எனக்கு யாவாரமே ஓடிக்கினு கீது. இந்தப் படத்துல கீற புழு என் மீனுல இருந்தா துட்டு வாபஸுன்னு சொல்லிக்கினு கீறேன், ஜனம் நம்பி வாங்குது" என்கிறது. இரண்டு கிலோ சங்கரா வாங்கிய பிறகுதான் கொடுத்தது, அதுவும் அட்டையைக் கிழித்து வைத்துக்கொண்டு.

எல்லாவற்றையும் மிஞ்சியது என் பக்கத்துக் கடை ஜெராக்ஸ் சரவணகுமார். எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் சுவர் யாருடையது என்று பத்து வருடமாகத் தகராறு இருப்பது உங்களுக்குத் தெரியும். என் கொட்டகைக்கு எல்லை எழுதும்போது, மேற்கே சரவணகுமார் கடைச் சுவர் என்று எழுதிவிட்டேன். மரநாய் ஞாபகத்தில் சுவர் ஞாபகம் வரவில்லை. பிரதியைக் கேட்கப் போனால், நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணாத்த, சுவரு என்னுதுன்னு நீயே ரெண்டு சாட்சி வெச்சி எழுதிக் குட்த்துகீற. வக்கீலு படிச்சிட்டு அப்டியே கோர்ட்டுல போட்டுட்டாரு. ஒனக்கு வேணும்னா ஜெராக்ஸ் எடுத்துத் தர்றேன்" என்கிறான். இப்படியாக மரநாயின் குடல்புழு இன்று நீதிமன்ற ஆவணமாகவும் இருக்கிறது. சுவர் போகட்டும், நான் கவலைப்படவில்லை. அந்த ஒன்றைத் தள்ளிப் பார்த்தால் இதுவரை நூற்று முப்பத்தாறு என் கட்டிலுக்கு அடியில் வந்துவிட்டன. பாக்கி நூலகத்தில் உள்ள இரண்டு, உங்களிடம் உள்ள அறுபது, கணக்கில் வராத ஒன்று.

உங்கள் அறுபதையும் வேன் சீட்டுகளின் பின்னால் உள்ள வலைப்பையில் சொருகி வைத்திருக்கிறீர்கள் என்றும், வருகிற வெள்ளைக்காரர்களிடம் "திஸ் இஸ் மை சிஸ்டர் டாட்டர் வார்ம்" என்று காட்டுகிறீர்கள் என்றும், அதில் ஒருவர் தன் ஊருக்கே ஒரு பிரதியைக் கொண்டுபோனார் என்றும் கேள்விப்பட்டேன். அந்தக் கணக்கில் வராத ஒன்று அதுதான் போலிருக்கிறது. உங்கள் பாசத்தில் நான் குறை காணவில்லை. சீர் தட்டைத் திருப்பிக் கேட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் மட்டும் என்ன, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற பரம்பரையா? கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். அந்தப் பெண் ஒவ்வொரு காம்பாக எண்ணி எண்ணி வரைந்ததை நான் பார்த்திருக்கிறேன். சோற்றில் கை வைத்துக்கொண்டே புழு வாலைப் பற்றி யோசிப்பாள். அது அவள் பெயரில் நிற்க வேண்டும், என் பெயரில் அல்ல. என்னால் அவளுக்கு வேறெதையும் வாங்கிக் கொடுக்க முடிந்ததில்லை, இருந்ததைப் பிடுங்கினேன் என்று இருக்கக் கூடாது. ஆகவே மேற்படி அறுபது பிரதிகளையும், ஒன்றுகூடக் குறையாமல், உங்கள் வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்பி, என்னை மன்னித்து, பழையபடி மாப்ள என்று கூப்பிடும்படி இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்ச்செல்வி அக்காவுக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள். முழங்காலுக்கு வச்சலா ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள், டிரைவர் வரும்போது கொடுத்தனுப்புகிறோம். உங்கள் வேன்கள் போகிற பாதையெல்லாம் நல்ல பாதையாகவும், ஏறுகிறவர்கள் எல்லாரும் திரும்பி வருகிறவர்களாகவும் இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை நான் யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு சுயநினைவோடு எழுதியிருக்கிறேன். வச்சலா படித்துப் பார்த்து, அழுகிற இடத்தில் அழுதுவிட்டு, சரி என்று சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்
ப. திருவேங்கடம்
(எழுதியவர் என்று போடவில்லை. பயமாக இருக்கிறது.)

பின்குறிப்பு: இது ஞாயிற்றுக்கிழமை எழுதுவது. தபால் ஆபீஸ் பூட்டியிருந்ததால் கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன். காலையில் ஒன்பது மணிக்கு வாசலில் வினிதா. நேராக உள்ளே வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் புத்தகத்தால் வந்த சிக்கலை எப்படித் தீர்ப்பது என்று கேட்டு, கொல்கத்தாவில் புழுக்களை ஐம்பது வருடம் பார்த்த ஒரு பெரியவருக்கு அவள் அதை நகலெடுத்து அனுப்பியிருக்கிறாள். அவருக்குத் தமிழ் தெரியாது. படத்தை மட்டும் பார்த்துவிட்டு, இந்த வாலை நான் எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தேடியிருக்கிறார். தொண்ணூற்று நான்கு வருடத்துக்கு முன்னால் பர்மாவில் ஒரு மரநாயிலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரர் இதே புழுவை எடுத்து, வேறு பெயரில் எழுதி வைத்திருக்கிறாராம். ஆறு பல், அதே விசிறி, அதே காம்புகள். வினிதா மூன்று நாள் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டாள். இது புதுப் புழு இல்லை.

ஒன்றரை வருடம் போயிற்றேம்மா என்றேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அழுது முடிச்சிட்டுதான்பா வந்தேன். நாளைக்கு நான் அனுப்பறதா இருந்தது. அச்சுல வந்திருந்துச்சுன்னா, மொத கட்டுரையிலயே தப்பு பண்ணவளுன்னு என் பேரு காலத்துக்கும் அந்தப் புழு கூட நின்னிருக்கும். இப்ப உன் பேரு நிக்குது" என்று சொல்லிவிட்டு, சிரிக்க ஆரம்பித்து, பாதியில் என் தோளில் சாய்ந்து அழுதாள். பதின்மூன்று நாளுக்குப் பிறகு அப்பா என்று கூப்பிட்டாள். அவளிடம் கீரிப்பிள்ளையிலிருந்து எடுத்த வேறொரு புழு இருக்கிறதாம், எந்த பாட்டிலில் என்று எனக்குச் சொல்ல மாட்டாளாம். பழைய ஆவணம் தேடாமல் ஒரு பத்திரம்கூட எழுதியதில்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன் நான். இனி உலகத்தில் புழு படிக்கிறவர்கள் எல்லாரும், வில்லங்கம் பார்க்காமல் எழுதியவன் திருவேங்கடம் என்று குறித்து வைப்பார்கள். வைக்கட்டும்.

ஆகவே மச்சான், மேலே கேட்டுக்கொண்டபடி எதையும் செய்ய வேண்டாம். அறுபதையும் அங்கேயே வையுங்கள். வருகிறவர்கள் எல்லாருக்கும் கொடுங்கள், வெள்ளைக்காரர்களுக்கு இரண்டாகக் கொடுங்கள், தீர்ந்துபோனால் சொல்லுங்கள், என் கட்டிலுக்கு அடியில் நூற்று முப்பத்தாறு தயாராக இருக்கிறது. எழுதியவர் யார் என்று யாராவது கேட்டால் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பெயரை விரல் வைத்துக் காட்டுங்கள். ஐந்தாம் பக்கத்தில், புழுவைக் கண்டெடுத்தவர் செல்வி வினிதா என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் கறுப்பு மையால் நன்றாக அடித்துவிட்டுக் கொடுங்கள்.